சனிக்கிழமைச் சித்தி

என் தங்கை தன் மூன்றாவது மகனை எனக்குக் கொடுத்தாள். கொடுத்தாள் என்பதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்கு அருகே இருந்த அவள் வீட்டுக் கூடத்தில் அக்கினி வளர்த்து, வாத்தியார் மந்திரம் சொல்ல, அவளும் அவள் கணவரும் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார்கள். நானும் என் கணவரும் ஏந்திப் பெற்றுக்கொண்டோம். குழந்தைக்கு அப்போது நடை பழகியிருந்தது. பேச்சு இன்னும் திருந்தவில்லை. என் மடியில் உட்கார வைத்தபோது அவன் அழவில்லை. என் புடவைத் தலைப்பின் ஜரிகையைப் பிரித்துவிட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். என் தங்கையும் அழவில்லை. அடுக்களைக்குள் போய், வந்தவர்களுக்கு இலை நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குப் பிள்ளை இல்லை; அவளுக்கு நான்கு பிள்ளைகள். அவள் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். நாங்கள் தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குத் தெற்கே புதிதாகக் கட்டிய வீட்டில் இருந்தோம். என் கணவருக்குக் கோட்டையில் உத்தியோகம். இவ்வளவையும் ஒருங்கே வைத்துப் பார்த்த பெரியவர்களுக்கு, செய்ய வேண்டியது தெளிவாகவே இருந்தது. என்னையும் தங்கையையும் கேட்டார்கள். இருவரும் சரி என்றோம்.

சுவீகாரம் ஆன பிறகு அவன் எனக்கு மகன். தன்னைப் பெற்றவளுக்கு அக்கா மகன். ஆகையால் அவளைச் சித்தி என்று அழைத்தான். அந்த அழைப்பில் பொய் எதுவும் இல்லை. அவனுக்கு விவரம் தெரியாமலும் இல்லை. வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை எந்தக் குழந்தைக்கும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதுபோல அவனுக்கும் அது தெரிந்திருந்தது. யாரும் அதைப் பேசியதில்லை.

அவள் வாரத்துக்கு ஒரு நாள் வருவாள். அது சனிக்கிழமை. ஆண் குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டும் நாள். வந்த புதிதில் என் கை தலையில் பட்டால் வீறிட்டு அழுவான். எண்ணெய்க் கிண்ணத்தைக் காலால் தள்ளிவிடுவான். வேறு வழி இல்லாமல் நான்தான் தங்கையைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவள் வந்து தேய்த்தாள். அடுத்த வாரமும் வந்தாள். பிறகு யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. காலையில் மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து, அவனுக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, தலை துவட்டி, சாம்பிராணி காட்டிவிட்டு, தனக்கு இலை போடுவதற்கு முன்பே புறப்பட்டுவிடுவாள். அவன் தூங்கும் வரை இருந்ததில்லை. அது அவளே வைத்துக்கொண்ட எல்லை.

எங்களோடு இருந்த என் நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. என் கணவருக்கு மூத்தவர்; அவருடைய கணவர் வடக்கே ரயில்வேயில் இருந்தபடியால் வருஷத்தில் பாதி எங்களிடம்தான் இருப்பார்.

"கன்னுக்குட்டிய வாங்கிண்டு பசுவையும் கொண்டு வந்து வாசல்ல கட்டிக்கறாளே, என்ன சமத்து!" என்று ஊஞ்சலில் உட்கார்ந்தபடி சொல்வார். தங்கை கிணற்றடியில் இருப்பாள். அவளுக்குக் கேட்கும் அளவுக்கே குரலை வைத்துக்கொள்வார்.

"பசு போயிண்டேயிருக்கு, அக்கா. வைக்கோல்கூடக் கேக்கல்லே," என்று தங்கை அங்கிருந்தே பதில் சொல்வாள். நாத்தனார் சிரித்துவிடுவார். சிரித்தாலும் அடுத்த சனிக்கிழமை அதையே சொல்வார்.

எங்கள் தகப்பனார் எங்கள் இருவருக்கும் சிறு பிராயத்திலேயே பாசுரங்களுக்குச் சந்தை சொல்லி வைத்தவர். அவர் ஓர் அடி சொல்ல, நாங்கள் இருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். அப்படி நெஞ்சில் ஏறியது இன்றுவரை இறங்கவில்லை. இறைவனைப் பிள்ளையாகப் பாவித்துத் தாய் பாடுபவை அவற்றில் உண்டு. பிள்ளையைப் பிரிந்த தாய் புலம்புபவையும் உண்டு. தமிழ் மரபு பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலி என்றும் பிரித்து, இருவருக்கும் தனித்தனியே கூற்று வகுத்து வைத்திருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தால் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதற்கு அதில் இடம் இல்லை. நாங்கள் அவரைக்காயைப் பற்றித்தான் பேசினோம்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான வருஷத்தில் சனிக்கிழமைகள் நின்றன. நாங்கள் கும்பகோணத்துக்குப் போனோம். தங்கை குடும்பம் செங்கற்பட்டைத் தாண்டி அவள் கணவருடைய ஊருக்குப் போயிற்று. அங்கே அவருக்குக் காய்ச்சல் கண்டது, போய்விட்டார். செய்தி வந்தபோது குழந்தையைக் காவிரிக்கு அழைத்துப்போய் முழுகச் செய்தோம். கொடுத்துவிட்ட பிள்ளை பெற்ற தகப்பனுக்காகக் காக்க வேண்டிய தீட்டு சொற்பம். கொள்ளி வைத்ததும் கர்மங்கள் செய்ததும் மூத்த மகன். இவன் முழுகி எழுந்து, தண்ணீர் குளிர்கிறது என்றான். நானும் அதைத் தவிர வேறு எதையும் உணர்ந்ததாக நினைவில்லை.

பட்டணம் திரும்பிய பிறகு, அவள் வெளியே வரக்கூடாத வருஷம் கழிந்ததும், நானே மயிலாப்பூர் போய் அவளைக் கூப்பிட்டேன். தலை மழித்து, வெள்ளைப் புடவையின் முன்றானையை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள். மூத்த மகனுக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, வீடு நடந்தது.

"நான் வரலாமா அக்கா? உங்காத்துல ஒண்ணும் சொல்ல மாட்டாளா?" என்றாள்.

"சொல்லுவா. வா," என்றேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் வாசல் வழியாக வராமல் கொல்லைப்புறமாக வந்தாள். பையன் கிணற்றடியில் கௌபீனத்தோடு காத்திருந்தான். ஏழு வயது முடிந்திருந்தது. அவளை மேலும் கீழுமாகப் பார்த்தான்.

"சித்தி, நீ திருப்பதிக்குப் போயிட்டு வந்தியா?"

"ஆமாண்டா. போயிட்டு வந்தேன்."

"எனக்கு லட்டு?"

"வழியிலே பசிச்சுது. தின்னுட்டேன்."

அவன் அதை மன்னிக்கவில்லை. எண்ணெய் தேய்த்து முடியும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவள் வழக்கம்போல் காதுமடலுக்குப் பின்னால் தேய்த்தாள். அங்கே அவனுக்குக் கூச்சம். சிரித்துவிட்டான். சனிக்கிழமைகள் மறுபடி தொடங்கின.

எட்டாம் வயதில் அவனுக்குப் பூணூல் போட நிச்சயித்தோம். அரிசி ரேஷனில் வந்துகொண்டிருந்த காலம். கல்லும் உமியுமாக வரும். கழுவினால் பாதி தண்ணீரோடு போகும். பெரிய பந்திக்கு வழி இல்லை. வீட்டுக் கூடத்திலேயே, கிட்டிய உறவோடு முடித்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். தஞ்சாவூரிலிருந்து எப்படியோ ஒருவர் ஒரு சிறு மூட்டை சீரகச் சம்பா கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பிக்ஷைக்கென்று தனியே எடுத்து வைத்தேன். உபநயனத்தில் பையன் பாத்திரம் ஏந்தி வந்து முதலில் தாயிடமும், பிறகு மற்றச் சுமங்கலிகளிடமும் அரிசி யாசிப்பது வழக்கம். அந்த அரிசி, உபதேசம் செய்யும் வாத்தியாருக்குப் போய்ச் சேரும்.

தங்கை முதல் நாளே வந்துவிட்டாள். சமையலுக்கு மடி உடுத்தி நிற்க அவளைப் போல் வேறு ஒருவர் இல்லை. கைம்பெண் கூடத்தில் முகம் காட்டக்கூடாதே தவிர, அவள் வைத்த சாற்றமுதை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அன்று மாலை புளி கரைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அக்கா, அவன் பிக்ஷை வாங்கறச்சே அடுக்களைக் கதவைச் சாத்திடாதே. ஒருக்களிச்சு வை. நான் பின்னாடி நின்னு பாத்துக்கறேன்."

"சரி."

"உன் நாத்தனார் சாத்துவா."

"நான் அங்கே நிக்கறேன்."

அவள் கேட்டது இவ்வளவுதான்.

மறுநாள் எல்லாம் முறையாக நடந்தது. பிக்ஷைக்கு நேரம் வந்தது. வாத்தியார் பருத்த மனிதர்; மந்திரத்துக்கும் மந்திரத்துக்கும் நடுவே ஊர்வம்பு பேசாமல் இருக்க அவரால் முடியாது. பையனின் கையில் பாத்திரத்தைக் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மொதல்ல அம்மா. அப்புறம் அம்மாவோட கூடப்பொறந்தவா. அப்புறம் மத்தவா. 'இல்லே'ன்னு சொல்லாதவாகிட்டத்தான் கேக்கணும்டா, புரிஞ்சுதா? அதான் சாஸ்திரம். எங்கிட்ட கேட்டுடாதே, நான் இல்லேன்னுடுவேன்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் வாய்க்கு வழக்கமாக வரும் வரிசையைச் சொல்லிவிட்டார். என் உடன்பிறந்தவள் யார், எங்கே நிற்கிறாள் என்று அவர் நினைக்கவில்லை. அடுக்களை வாசலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த நானும் நினைக்கவில்லை. பையன் நினைத்தான்.

என் முன்னால் வந்து மந்திரம் சொல்லிக் கேட்டான். அரிசி இட்டேன். வணங்கினான். பிறகு வரிசையாக நின்ற பெண்களைத் தாண்டி, ஒருக்களித்திருந்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

தங்கை கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் பாத்திரத்தை நீட்டி, கற்றுக்கொடுத்தபடி, "பவதி, பிக்ஷாம் தேஹி," என்றான்.

"எங்கிட்ட வரக்கூடாதுடா கண்ணா. அத்தைகிட்டப் போ."

"அம்மா கூடப்பொறந்தவான்னு வாத்தியார் சொன்னார். நீதானே?"

"எங்கிட்ட அரிசி இல்லே."

"அம்மாகிட்ட இருக்கே. வாங்கிக்கோயேன்."

அவள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவன் குரலை உயர்த்தி மறுபடி, "பவதி, பிக்ஷாம் தேஹி," என்றான்.

"என்ன கூத்து இது? அவனை வெளியில கூப்பிடு!" என்றார் நாத்தனார். பிறகு யாரிடம் என்று இல்லாமல், "அப்பவே சொன்னேன், கதவைச் சாத்துங்கோன்னு," என்றார்.

நான் அரிசித் தட்டோடு உள்ளே போனேன். அப்போது என் மனத்தில் இருந்தது இரக்கமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கைகளிலும் பித்தளைத் தட்டின் கனம் இருந்தது, முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. தட்டை அவள் பக்கம் நீட்டினேன்.

"போடு."

"வேண்டாம் அக்கா. குழந்தைக்கு ஆகாது."

"கை வலிக்கறது. சீக்கிரம் போடு."

அவள் திரும்பினாள். கையில் புளி ஈரம். ஒரு பிடி அள்ளினாள். பாத்திரத்தில் பாதி விழுந்தது. மீதி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அதை மற்றக் கையின் விரலால் வழித்து வழித்துப் போட்டாள். பையன் பொறுமையாக நின்றான். முழுதும் விழுந்ததும் வணங்கிவிட்டு வெளியே வந்து, அத்தையின் முன்னால் நின்று பாத்திரத்தை நீட்டினான்.

"அந்த அரிசியக் கொட்டிட்டு வரச் சொல்லுங்கோ. வேற போடலாம்," என்றார் நாத்தனார் வாத்தியாரிடம்.

"கொட்டறதா!" வாத்தியார் நிஜமாகவே பதறினார். "என்னம்மா சொல்றேள்? ரேஷன் கடையில கல்லை வாங்கிப் பல்லை ஒடைச்சுண்டிருக்கேன். இது சீரகச் சம்பா! பிக்ஷை எனக்குத்தானே வரது? தோஷம் ஏதாவது இருந்தா என் வயத்துக்குள்ள போகட்டும். அங்கே ஏற்கெனவே நெறையப் பேர் இருக்கா, துணையா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் சிரித்தார். நாத்தனாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு பிடி இட்டார். உபநயனம் முடிந்தது. பந்தியில் தங்கை வைத்த சாற்றமுதை எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

அதன் பிறகு சில வாரங்கள் செல்வதற்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

டைபாய்டு என்றார் டாக்டர். அந்நாளில் அதற்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பார்லிக் கஞ்சியும், நெற்றியில் ஈரத்துணியும், காத்திருப்பதும்தான். பகலெல்லாம் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாசுரம் சொல்லிக்கொண்டிருப்பேன். நாவு தானாகச் சொல்லும். ஒரு பதிகம் முடிந்தால் அடுத்தது தொடங்கிவிடும். பொருள் எதுவும் என்னை வந்து தொடவில்லை. கேட்பவன் கேட்கட்டும் என்று குரலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"அவ கைப் பிக்ஷை," என்றார் நாத்தனார், ஒரே ஒரு முறை. என் கணவர் அவரைப் பார்த்த பார்வையில் பிறகு சொல்லவில்லை.

தங்கை வரவில்லை. சனிக்கிழமை போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. செய்தி சொல்லி அனுப்பியும் வரவில்லை. காய்ச்சல் ஏறியபடியே இருந்த ஒரு நாள் காலையில், பையனை என் கணவரிடம் விட்டுவிட்டு, தெருமுனை ஜட்காவில் ஏறி மயிலாப்பூர் போனேன். ஜட்காக்காரருக்கு எங்கள் வீடு பழக்கம்.

"கொயந்தைக்கு இப்ப எப்டிம்மா கீது?"

"அப்படியேதான் இருக்கு."

"நம்ம பெரிய பையனுக்கும் வந்துச்சும்மா இதே ஜொரம். இப்ப பாரு, துன்னுகினு துன்னுகினு எருமையாட்டம் கீறான். ஒண்ணும் ஆவாது. நீ பயப்படாம குந்து."

நான் பயப்படவில்லை. அதைச் சொல்லவும் தோன்றவில்லை.

தங்கை வீட்டில் இல்லை. கோயிலில் இருப்பாள் என்றான் அவளுடைய மூத்த மகன். போய்ப் பார்த்தேன். ஈரப் புடவையோடு பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிற்கவில்லை. நானும் அவளோடு சேர்ந்து ஒரு சுற்று நடந்தேன்.

"வந்து பாத்துட்டுப் போ. கேக்கறான்," என்றேன்.

அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. இன்னொரு சுற்றுக்குத் திரும்பினாள். நான் ஜட்காவுக்கு வந்துவிட்டேன்.

பிறகு காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. மெல்ல இறங்கியது. ஒரு நாள் ரசஞ்சாதம் கேட்டான். டாக்டர் இன்னும் கூடாது என்றார், அதற்கு அழுதான். அழத் தெம்பு வந்துவிட்டது என்று என் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் தங்கை வராததால் மறுபடி போனேன். இந்த முறை வீட்டில் இருந்தாள். அடுக்களையில் எனக்கு மணை போட்டுவிட்டுச் சொன்னாள்:

"அவன் பொழைச்சு எழுந்தான்னா, இனிமே அவனைக் கண்ணால பாக்கறதில்லேன்னு பெருமாள்கிட்ட சொல்லிட்டேன் அக்கா."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு அப்படிச் சொன்னே?"

"வேற என்ன இருக்கு எங்கிட்ட, குடுக்கறதுக்கு?"

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். "இப்படியும் ஒரு பிரார்த்தனையா? ஒரு தேங்காய், ஒரு வடைமாலைன்னு வேண்டிக்கப்படாதா?" என்றார். அன்று மாலை நாத்தனாரே வாத்தியார் வீட்டுக்கு ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார். ஒரு பிரார்த்தனையை மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டதும் அவர்தான். வாத்தியார் இந்த முறை வேடிக்கை பேசவில்லை. வேண்டிக்கொண்டவளே சந்நிதியில் போய்ச் சொல்லி, பிராயச்சித்தமாக இன்னதைச் செய்தால் தோஷமில்லை என்று வழி சொன்னார். நாத்தனார் என்னோடு மயிலாப்பூருக்கு வந்தார். தங்கையின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் ஒரு வார்த்தை தப்பாச் சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதே. வாத்தியார் வழி சொல்லியிருக்கார். சனிக்கிழமை வந்துடு," என்றார்.

"நீங்க சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது, அக்கா. நானே அதான் நெனைச்சேன்." தங்கை அவருக்கு மோர் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பெருமாள் நான் கேட்டதைச் செஞ்சுட்டார். நான் போய் என்னுதைத் திருப்பிக் குடுங்கோன்னு நிக்கறதா? குடுத்ததைத் திருப்பிக் கேக்கற பழக்கம் எனக்கு இல்லே. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். இருவரும் மோரைக் குடித்துவிட்டு வந்தோம்.

பையனிடம் மறைக்க முடியவில்லை. சித்தி ஏன் வரவில்லை என்று நாள்தோறும் கேட்டான். உனக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று உன்னைப் பார்ப்பதில்லை என்று வேண்டிக்கொண்டாள் என்று சொன்னேன். அவன் அதை ஒரு கணக்கைப் போல யோசித்தான்.

"அவதானே என்னைப் பாக்கக்கூடாது? நான் அவளைப் பாக்கலாமோல்லியோ? நான் ஒண்ணும் வேண்டிக்கல்லையே."

அவன் நடக்கத் தேறியதும் சனிக்கிழமைகளில் நான் அவனை மயிலாப்பூருக்கு அழைத்துப் போகத் தொடங்கினேன். எங்கள் காலடி கேட்டதும் அவள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவன் கூடத்தில் கதவுக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வான். ஆரம்பத்தில் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். "முதுகுதான் தெரியறது," என்று என்னிடம் புகார் சொன்னான். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா சாப்பிட்டே காலம்பற?"

"இட்லி."

"எத்தனை?"

"நாலு. அம்மா அஞ்சாவது போட மாட்டேன்னுட்டா."

"ஏன் அக்கா போடல்லே?"

"நாலே பொய். ரெண்டுதான் தின்னான்," என்பேன் நான்.

உள்ளே சிரிப்புக் கேட்கும். பிறகு அவள் பாசுரம் சொல்லச் சொல்வாள். அவனுக்கு நான் சந்தை சொல்லி வைத்திருந்தேன். இனிமையான சாரீரம், மேலே போகும்போது பிசிறு தட்டாது. கோயில் கோஷ்டியில் பெரியவர்கள் நடுவே அவனுடைய குரல் தனியாக ஏறித் தெரியும் என்று அவனை அறிந்தவர்கள் சொல்வார்கள். அவன் சொல்லிக்கொண்டே போவான். அடி தவறினால் உள்ளிருந்து அவள் எடுத்துக் கொடுப்பாள். முடிந்ததும் அவள் ஏதாவது பட்சணத்தைத் தட்டில் வைத்து, கதவை ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து வெளியே தள்ளுவாள். கை மட்டும் தெரியும். அவன் எடுத்துக்கொள்வான். நாங்கள் புறப்படுவோம்.

அப்படியே ஆண்டுகள் போயின. யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. அவள் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருப்பாள் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அவளைத் தெரியும். கோயிலில் உற்சவத்தின்போது எதிரே நாங்கள் வருவது தெரிந்தால் தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பெருமாளைச் சேவித்தபடி நின்றுவிடுவாள். நாங்கள் கடந்து போனபின்தான் திரும்புவாள். அவன் எவ்வளவு உயரம் என்று என்னைக் கேட்பாள். என் தோளளவு என்பேன். பிறகு, என் காதளவு. பிறகு, என்னைத் தாண்டிவிட்டான்.

அதற்குப் பிறகு நாங்கள் கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் போய், இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டோம். திரும்பி வந்த சனிக்கிழமை மயிலாப்பூர் போனோம். தங்கையின் வீட்டில் வேறு யாரும் இல்லை. நெடி வராமல் இருக்க அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ தாளிக்கும் ஓசை. நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவ நின்றேன். அவன் முன்னால் கூடத்துக்குள் போய், எப்போதும் போல் கதவுக்கு நேரே உட்கார்ந்து, அவள் கேட்பதற்கு முன்பே பாசுரத்தைத் தொடங்கினான்.

தாளிக்கும் ஓசை நின்றது.

"யாரது?" என்றாள் அவள் உள்ளிருந்து. அயலாரிடம் பேசும் குரல். "பெரியவன் ஆபீஸ் போயிருக்கான். சாயங்காலம்தான் வருவான். யாரு வந்திருக்கேள்?"

அவன் நிறுத்திவிட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்து, "நான்தான் சித்தி," என்றான்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை, "நான்தான்," என்றான். அந்தக் குரலும் பாதி வழியில் உடைந்து இறங்கிப் போயிற்று.

"அக்கா வந்திருக்காளா?" என்றாள் அவள்.

"வந்திருக்கேன்," என்றேன் நான்.

"ஜலதோஷமா அவனுக்கு?"

"இல்லே. குரல் ஒடையறது. ரெண்டு மாசமா இப்படித்தான்."

கரண்டியின் ஓசை மீண்டும் கேட்கத் தொடங்கியது. சிறிது நேரம் சென்றபின், "சொல்லு, கேக்கறேன்," என்றாள். அவன் விட்ட இடத்திலிருந்து எடுக்காமல் முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கினான். நான் கூடத்தில் உட்கார்ந்து, கால் ஈரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.